ஒரு தடவை பேசி வைத்த குரல்

என் ஓரகத்திக்கு மூளை அதிகம். அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தறிக்காரர்களிடம் பட்டுப்புடவை வாங்கி வாட்ஸ்அப்பில் விற்பது என் தொழில். ஒவ்வொரு புடவையிலும் முந்தானை ஓரத்தில் ஒரு சரிகை இழையை உருவி நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் நல்ல சரிகை. வெள்ளை வந்தால் போலி. பார்த்த கையோடு வாங்குகிறவருக்குப் பேசி அனுப்புவேன்: "செகப்புதான் வந்துதுமா. பயப்படாம கட்டுங்க." அதற்காகவே என்னிடம் வந்தார்கள். ஆனால் கல்யாண சீசனில் விலாசம் கேட்டு, பார்சல் கட்டி, இதையும் பேசி முடிப்பதற்குள் தொண்டை கட்டிவிடும். அடுப்பில் பால் பொங்கி வழியும்.

"எதுக்குக்கா ஒரே பாட்ட டெய்லி பாடிக்கினு இருக்கீங்க?" என்றாள் ஓரகத்தி. "ஒரு தபா பேசி வச்சிடுங்க. நான் எல்லாருக்கும் அனுப்பிடறேன்."

பேசிக் கொடுத்தேன். என் வாட்ஸ்அப்பைத் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் திறந்துகொண்டாள். நான் சுரண்டிப் பார்த்த புடவைகளைச் செவிலிமேட்டில் இருக்கும் அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவேன். பதில், பார்சல் எல்லாம் அவள் பாடு. எனக்கு மத்தியானத்தில் தூங்கக்கூட நேரம் கிடைத்தது. மவராசி நல்லா இருக்கணும் என்று வாயார வாழ்த்தினேன்.

போன வாரம் கூரம் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மூத்த மகள் கல்யாணத்துக்கு என்னிடம் எடுத்தவர். இப்போது சின்னவளுக்குப் பார்சலில் வந்த முகூர்த்தப் புடவையைப் பையிலிருந்து எடுத்து என் மடியில் போட்டார். அரக்கு நிறம். அதை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. இழையை உருவிச் சுரண்டினேன். வெள்ளை.

"இது நான் குடுத்ததே இல்லமா" என்றேன்.

அவர் தன் போனை எடுத்து அமுக்கினார். செகப்புதான் வந்துதுமா என்று அதில் நானே சிரித்துக்கொண்டு சொன்னேன்.

அங்கேயே ஓரகத்தியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். "வேற எங்கியோ புடவை வாங்கி என் கொரல்ல விக்கிறியாடி?"

துளிப் பதற்றம் இல்லை அவளிடம். "நான் சொன்னா எவக்கா நம்புவா? உங்க கொரல் போனாத்தான் வாங்கறாங்க. உங்களுக்கு எதனா வேலை வச்சேனா? நிம்மதியா தூங்கினீங்க இல்ல?"

பாவி! ஒரே சட்டியில் சோறு தின்றவள். வெளியாள் யாராவது செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருப்பேன். இவளை என்ன செய்ய? போனை வைத்தேன். அந்த அம்மா தன் காதாலேயே கேட்டுவிட்டார், அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். அலமாரியைத் திறந்து அதே அரக்கில் நல்ல புடவை ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"இத எடுத்துக்கினு போங்கமா. இது நானே பார்த்தது."

அவர் கை நீட்டவில்லை.

"இப்ப போன்ல பேசினவள எனக்குத் தெரியாதும்மா" என்றார். "செகப்புன்னு எங்கிட்ட சொன்னது நீதான."