என்னிடமிருந்து தும்புத்தடியை வாங்கிய நாள்

அம்மா அன்று எனக்கு உண்மையைச் சொல்லாமல் விட்டது சரிதானா? இன்றும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது, தங்கச்சிக்கு நாலு. திருகோணமலையில், தெரு முடக்கில் போய் நின்றால் துறைமுகம் தெரியும் சிறிய வீடு. தங்கச்சிக்கு அடிக்கடி முட்டு வரும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்பு தெரியும். ஒருமுறை ஆஸ்பத்திரியில் மருந்துப்புகை கொடுத்து அனுப்பிய தாதி, “வீட்டில தூசி இருக்கக் கூடாது,” என்றார்.

அம்மா திரைச்சீலைகளைக் கழற்றினார். நுளம்பு விரட்டப் புகைத்திரி கொளுத்துவதும் நின்றது. கூட்டும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தும்புத்தடி என்னைவிட உயரம். காலையில் ஒருமுறை, பள்ளிக்கூடத்தால் வந்து ஒருமுறை, தங்கச்சி இருமினால் உடனே இன்னொருமுறை. அவளுடைய மெத்தையையும் அதே தடியால் அடிப்பேன்.

“இவள் கூட்டுற கூட்டுக்குச் சீமெந்தும் தேஞ்சுபோகும்,” என்றார் அப்பா.

முட்டு குறையவில்லை. நான் இன்னும் மும்முரமாகக் கூட்டினேன்.

ஒரு பின்னேரம், கதவால் விழுந்த வெயிலில் தூசி எழும்பி நிற்பதையும், அதற்குள் இருந்து தங்கச்சி இருமுவதையும் அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். வந்து தடியை வாங்கினார்.

“நாளையிலிருந்து நீங்கள் கூட்ட வேண்டாம். நான் வேலை செய்யேக்க தங்கச்சியோட முடக்கில போய் நில்லுங்கோ. எத்தனை கப்பல் நிக்குதெண்டு பாத்து வந்து சொல்லுங்கோ.”

“ஏனம்மா? நான் வடிவாத்தானே கூட்டினனான்?”

“ஓம், வடிவாத்தான் கூட்டினீங்கள். ஆனா எனக்குப் போய்ப் பாக்க ஏலாதே, வேலை கிடக்கு.”

நாங்கள் திரும்பும்போது யன்னல்கள் திறந்திருக்கும், நிலம் ஈரத்துணியால் துடைத்திருக்கும், மெத்தை முற்றத்து வெயிலில் கிடக்கும். என் வேலை பிடிக்காமல்தான் தடியை வாங்கினார் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். தங்கச்சிதான், “ரெண்டு கப்பல், அழுற அக்கா ஒண்டு,” என்று ஒப்புவித்தாள்.

சில கிழமைகள் போக ஆஸ்பத்திரிக்குப் போவது குறைந்தது. ஒருநாள் அவள் முடக்கிலிருந்து வீடுவரை என்னைத் துரத்திக்கொண்டு ஓடி வந்தாள். அம்மா அவளுடைய முதுகில் காது வைத்துக் கேட்டார். பிறகு என்னையும் இழுத்து அணைத்தார். கப்பல் எண்ணியதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது என் இளையவனுக்கும் முட்டு. அவன் குளித்து வந்ததும் ஐந்து வயதான என் மூத்தவள் பாசத்தோடு முகமெல்லாம் பவுடர் அப்புவாள். டின்னை அலுமாரிக்கு மேலே ஒளித்துவிட்டு, முடிந்துவிட்டதென்று சொன்னேன். அன்றுதான் அம்மா செய்தது எனக்கு விளங்கியது. மூன்று கிழமையாக அவன் நன்றாக உறங்குகிறான், நானும்தான்.

ஆனால் மூத்தவள் புது டின் கேட்கிறாள். சொன்னால் தன்னால்தான் தம்பிக்கு முட்டு வந்தது என்று பயந்துவிடுவாளோ? சொல்லாவிட்டால் வேறு வீட்டில் எடுத்துப் பூசிவிடுவாளோ? ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதை எந்த வார்த்தையில் சொல்லலாம்? சொல்லிப் பார்த்தவர்கள் இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.