தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

மஹய்யாவ லயத்து வரிசை வீடுகளில் பரிமளத்தின் வாய்க்கு முன்னால் நிற்க ஆளில்லை. மாநகரசபையில் தெருக் கூட்டுகிறவள். வேலை வாங்கும் ஓவசியரையே ஒரு பிடி பிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் குரலைத் தாழ்த்துவாள். மகள் இராஜகுமாரியைப் பற்றி யார் கேட்டாலும், "அது மதலேனா பிள்ளைங்க" என்பாள்.

பெற்றவள் என்னவோ இவள்தான். மூத்தவன் தியாகராஜாவுக்குப் பின் பிறந்த இரண்டும் பால் குடிக்கும்போதே போய்விட்டன. அதனால் இராஜகுமாரியைப் பிறந்த கையோடு பக்கத்து வீட்டு மதலேனாவுக்குக் கொடுத்து, ஒரு சுளகு தவிட்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். எமன் எட்டிப் பார்த்தால், அடுத்த வீட்டுப் பிள்ளை என்று போய்விடுவானாம். அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்தாள் பரிமளம்.

மகள் ஓரளவு வளர்ந்த பிறகு தியாகராஜாவுக்குக் கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. ஈரலில் செம்பு தேங்கும் நோய், தாய் தகப்பன் இருவர் வழியாகவும் வருவது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பரிமளம் கட்டியிருந்ததோ சொந்தத் தாய்மாமனை. ஆளாக வேண்டிய பையன் கண்ணெதிரே உருகிப் போய்ச் சேர்ந்தான். ஐயோ, அந்தக் கொடுமையை என்னவென்று சொல்ல!

சில மாதம் கழித்து டாக்டர் சுந்தரலிங்கம் வந்தார். இந்த நோய் கண்ட வீடுகளைத் தேடிப் போய், கூடப் பிறந்தவர்களில் எத்தனை பேருக்கு வருகிறது என்று கணக்கெடுக்கிற யாழ்ப்பாணத்து மனிதர்.

"மகனைக் கணக்கில சேர்க்கிறேல்லை, அம்மா. அவரால்தானே இந்த வீட்டுக்கே வந்தனாங்கள். சேர்த்தால் கணக்குக் கூடிக் காட்டும். கூடப் பிறந்த ஆக்கள்தான் வேணும். நாலில ஒரு பங்கு ஆபத்து இருக்கு. முன்னமே கண்டுபிடிச்சால் மருந்துக் குளிசையாலேயே தடுக்கலாம்."

குளிசை அவள் காதில் ஏறவேயில்லை. ஆபத்து என்றதுமே எமன் நினைப்பு வந்துவிட்டது.

"இந்தப் பிள்ளை?" வாசலில் நின்ற இராஜகுமாரியைக் காட்டிக் கேட்டார் அவர்.

"மதலேனா பிள்ளைங்க. நான் சும்மா வளக்குறேன்."

"ஓம், அப்ப சோதிக்கத் தேவையில்லை. வாறன்" என்று எழுந்துவிட்டார்.

அப்பாடா, தப்பித்தோம் என்று மகளுக்குத் திருஷ்டி கழித்தாள், பாவி!

ஐந்து வருஷம் போனது. ஒருநாள் இராஜகுமாரி நீட்டிய தேத்தண்ணிக் கோப்பை தளும்பியது. அந்தத் தளும்பல் பரிமளத்துக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அதே சுந்தரலிங்கம்தான் பார்த்தார். ஈரல் கெட்டு, நோய் கைமீறிப் போயிருந்தது. "வளர்ப்புப் பிள்ளைக்கு எப்படி இந்த நோய்?" என்றார் ஒன்றும் விளங்காமல்.

பரிமளம் நெஞ்சில் அடித்துக்கொண்டு வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "என் பிள்ளை சார்! என் வயித்துல பொறந்தது! நான்தான் பெத்தேன்!"

கட்டிலில் கிடந்தவள் நடுங்குகிற கையால் தாயின் வாயைப் பொத்தினாள்.

"சத்தமா சொல்லாதம்மா" என்றாள் குழறிக் குழறி. "எமனுக்குக் கேட்டுரும்."