நடுச்சூளைக் கல்

எங்கள் கராத்தே மாஸ்டர் என்னைவிடச் சின்னவர். ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் முஷ்டியை மடக்கித் தரையில் ஊன்றித் தண்டால் எடுக்கச் சொல்லும்போது அக்காவாவது தங்கச்சியாவது! மகளை வகுப்பில் விட்டுவிட்டு வெட்டியாக உட்கார்ந்திருப்பானேன் என்று நானும் சேர்ந்தேன். மகள் போரடிக்கிறது என்று நின்றுவிட்டாள். நான்தான் மாட்டிக்கொண்டேன்.

கையால் உடைக்க முதலில் பேக்கிங் பெட்டிப் பலகை, அப்புறம் பழைய நாட்டு ஓடு, கடைசியில் செங்கல். உள்ளங்கையின் ஓரத்தால், சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் சதையால் அடிக்க வேண்டும்.

“கல்ல அடிக்காதீங்கக்கா, கல்லுக்குக் கீழ இருக்கற தரைய அடிங்க. பாதியில பயந்து கைய இழுத்தீங்கன்னா எலும்பு போயிரும்” என்பார் மாஸ்டர்.

எனக்கோ இழுக்கத்தான் வரும். இந்தக் கைதானே என் பிழைப்பு? ராசிபுரத்தில் கல்யாண ஜாக்கெட் என்றால் என்னிடம்தான் துணி வரும். வலது கை போனால் கத்தரி பிடிக்க முடியுமா, ஊசி பிடிக்க முடியுமா? போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருக்கும் என் வீட்டுக்காரர், “கையக் கிய்ய ஒடச்சுக்காத” என்று போனில் ஓதாத நாளில்லை. அவர் ஓத ஓத எனக்கு வீம்புதான் ஏறியது.

செங்கல்லில் ஒரு சூட்சுமம் உண்டு. உடைத்துக் காட்டுவதற்கென்று வாங்குவது சூளையின் வெளிவரிசைக் கல். நெருப்பு சரியாக ஏறாமல் அரைவேக்காடாக இருக்கும். ஊரை ஏமாற்றுகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அரைவேக்காட்டையே பயந்த கையால் ஒரு அடி அடித்துப் பாருங்கள், தெரியும்.

என் மாமனார் சூளைக்காரர். நான் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். கறுப்பு பெல்ட் தேர்வு வந்ததும் அவருக்கு என்ன ஆயிற்றோ, “கல்லு நம்ம சூளையில இருந்தே வரட்டும் அம்மிணி” என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வெளிவரிசைக் கல் வேண்டும் என்று சொன்னதற்கு, “அட, எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தார்.

தேர்வு ஒரு கல்யாண மண்டபத்தில். மாமனார் பங்காளி வீடு, சம்பந்தி வீடு என்று ஒரு வேன் நிறையக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் மைக்கில் சூளையின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னதும் கைதட்டல். நான் மேடையில் கல்லுக்கு முன்னால் மண்டி போட்டேன்.

கல் நல்ல ரத்தச் சிவப்பாக இருந்தது. விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினேன். சூளைக்காரன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு இதுகூடத் தெரியாதா? வேகாத கல் ‘டொக்’ என்னும். இது ‘கிண்’ என்றது.

“மாஸ்டர், இது நடுச்சூளைக் கல்லு” என்றேன் மெதுவாக.

அவர் முகம் வெளுத்துவிட்டது. “வேண்டாங்கக்கா. மைக்குல சொல்லி நிறுத்தீர்றேன்.”

என்னவென்று சொல்வார்? அதற்குள் முன்வரிசையிலிருந்து மாமனாரே எழுந்துவிட்டார். “ஏனுங்க மாஸ்டரே, கல்லு எப்பிடி? நானே சூளைக்குள்ள போயிப் பொறுக்குனதாக்கும். எங்க ஊட்டுப் புள்ள ஒடைக்கறதுக்கு அரைவேக்காட்டையா குடுப்பேன்?”

சொந்தபந்தம் எல்லாம் பெருமையாகச் சிரித்தது. வேண்டாம் என்று நான் எழுந்தால் இத்தனை பேர் முன்னால் அந்த மனுஷன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்? எழாவிட்டால் என் கை? பீரோவில் வெட்டி வைத்த ஜாக்கெட்டுகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தன. பயந்து பாதியில் இழுத்தால் நிச்சயம் போய்விடும். தரையை மட்டும் நினைத்துக்கொண்டேன். கத்திக்கொண்டே இறக்கினேன்.

கல் உடையவில்லை.

வலி உடனே தெரியவில்லை. பின்னாலிருந்து யாரோ ஒரு ஆள், “கல்லுன்னா இதுதானுங்க கல்லு! எங்க ஊட்டு வேலைக்கும் ஒரு லோடு போட்டுருங்க” என்றார். நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் சிரித்தார். ஒரு நொடிதான், ஆனால் நான் பார்த்துவிட்டேன். அப்படியே பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

எழுந்து நின்று எல்லோருக்கும் தெரியும்படி கையை நீட்டினேன். சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியாகத் தொங்கியது. அதற்கப்புறம்தான் வலி தோள் வரைக்கும் ஏறியது. “ஐயோ அம்மா” என்று அலறிவிட்டேன்.

மாமனார் செருப்போடு மேடைக்கு ஓடி வந்தார். என் கையைத் தொட வந்தவர் தொடாமல் நின்றார். பிறகு அந்தக் கல்லைத் தூக்கி மேடையின் சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டார். அது உருண்டு போய்க் கிடந்தது. ஓடிப்போய் எடுத்து மறுபடி போட்டார். ஒரு மூலை மட்டும் கொஞ்சம் பெயர்ந்தது.

“ஒடைய மாட்டேங்குதே சாமி” என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “நா நல்லதாத்தான பாத்து எடுத்தாந்தேன்... ஒடைய மாட்டேங்குதே.”

மாஸ்டர் ஐஸ்கட்டிக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் இடது கையால் மாமனாரின் தோளைப் பிடித்தேன்.

“உடுங்க மாமா, கால்ல போட்டுக்குவீங்க.”

அவர் காதில் அது விழவேயில்லை. குனிந்து மறுபடியும் கல்லைத் தூக்கினார்.