சட்டப்படி நிறுத்திய வேன்

பெரிய அலை எதுவரை ஏறித் தொடுகிறதோ அதுவரை கடற்கரை பொதுச் சொத்து என்பது பிரெஞ்சுக்காரர் காலத்துச் சட்டம். அங்கே தங்க யாருடைய அனுமதியும் வேண்டாம் என்பது அதற்கு நான் கொடுத்த விளக்கம். நில அளவை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். விளக்கம் கொடுத்தே பழகியவன். அதை நம்பித்தான், அன்பான விசுவாசிகளே, 1957 மே மாதம் என் மனைவியைக் கடலுக்குக் கொடுக்க இருந்தேன்.

எங்களிடம் ஒரு கிழட்டு வேன் உண்டு. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டிருந்தேன். ரோடு முடிகிற இடத்தில்தான் அதற்கு உற்சாகமே பிறக்கும். ஊசுட்டேரிக் கரை, செம்மண் ஓடை, எங்கேயும் இறங்கும். அங்கேயே சமைத்து, அதிலேயே தூங்கி வருவோம். அந்த வருடம் என் மனைவி பிலோமினுக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு. சிரிப்பே நின்றுபோனது. "கடல் காத்தாவது காட்டுங்க" என்று அழுதாள்.

கனகசெட்டிக்குளத்துச் சவுக்குத் தோப்பில் தங்க அனுமதி கேட்டு முறைப்படி விண்ணப்பித்தேன். பதில் இல்லை. அனுமதியில்லாமல் தோப்பில் தங்க என் மனம் ஒப்பவில்லை. ஆகவே தோப்பைத் தாண்டி, மணலில் இறங்கி, சட்டம் அனுமதித்த ஈர விளிம்பில் வேனை நிறுத்தினேன்.

"கடலுக்கு இவ்ளோ கிட்டயா?" என்றாள்.

"இதுதான் நமக்கு உரிமையுள்ள இடம்" என்றேன்.

அன்று பௌர்ணமி. விடிகிற நேரத்தில், பொதுச் சொத்தின் எல்லையை அளக்கக் கடலே நேரில் வந்தது.

சக்கரங்கள் பாதி புதைந்தன. இன்ஜின் இருமிவிட்டு நின்றது. கதவு வழியே தண்ணீர் வந்து மெத்தையைத் தொட்டது. அவளைத் தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. நான் ஒல்லி. அவள் எடையைப் பற்றி எழுத மாட்டேன். இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

தண்ணீரில் முழங்காலிட்டேன். முதலில் காவல் தூதர், அடுத்து அந்தோணியார், பிறகு மாதா, அவர் வழியாக ஆண்டவர் என்று வரிசைப்படி ஆரம்பித்தேன்.

"ஏங்க, மனு அப்புறம் குடுத்துக்கலாம்! நேரா ஆண்டவரக் கூப்புடுங்க!"

வாழ்நாளில் முதல் முறையாக மேலிடத்தை நேரடியாக அணுகினேன். "ஆண்டவரே, அவளக் காப்பாத்தும்." அவ்வளவுதான். வேனைக்கூடக் கேட்கவில்லை.

மணல் மேட்டில் ஒரு குரல். "இன்னா மிசியே, வண்டிய மீன் புடிக்கவா வுட்டீங்க?"

மீன்கூடையோடு நின்றாள் ஒரு மீன்காரி. பெயர் தெய்வானை என்று பிறகு தெரிந்தது. அவள் போட்ட சத்தத்தில், கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆண்கள் ஓடி வந்தார்கள். மெத்தையோடு பிலோமினைத் தூக்கி மேட்டில் வைத்தார்கள். பிறகு வேனில் படகுக் கயிற்றைக் கட்டி, ஐலசா போட்டு இழுத்தார்கள்.

"தோப்புல எடமா இல்ல?" என்றாள் தெய்வானை.

"அனுமதி வரல."

மொத்தப் பேரும் சிரித்ததில் கயிறு தளர்ந்து, வேன் மறுபடி கடலுக்குள் ஒரு கஜம் போனது. மேட்டில் பிலோமின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அழுதுகொண்டே ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். கேட்டது அவள் உயிரை. சிரிப்பையும் சேர்த்துக் கொடுத்தார். வேனையும்.

அதன்பின் ஒவ்வொரு மே மாதமும் தெய்வானையின் ஊரார் காட்டும் நிழலில்தான் வேனை நிறுத்துகிறோம். ஜெபத்தையும் சுருக்கிக்கொண்டேன். நீங்களும் நேராகக் கேளுங்கள். நகல் இணைக்க வேண்டாம். எனக்கு ஆமென் சொல்வதற்குள் பதில் வந்தது.

சம்பந்தப்பட்ட அலுவலகமும் பதில் அனுப்பியது: தோப்பில் தங்க அனுமதி எதுவும் தேவையில்லை. அது வந்து சேர்ந்த நாள், 1954-லேயே மூட்டை கட்டிவிட்ட அந்தப் பிரெஞ்சு ஆட்சி காகிதத்திலும் முடிந்துபோன 1962 ஆகஸ்ட் 16.