ரிக் வண்டியில் கரட்டுவளவு

காலை ஆறு மணிக்கே சேலம் பழைய பஸ் நிலையத்தில் போய் நின்றுகொண்டோம். ராசிபுரம் பஸ் ஏழேகாலுக்குத்தான். சில நாட்களில் நேரத்துக்கு முன்னதாகவே கிளம்பிவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். யார் சொன்னார்கள் என்பது நினைவில்லை, பயம் மட்டும் நினைவிருந்தது. என் பையில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இரண்டு கேன், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்கள், கட்டுப் போடும் துணி, ஒரு டார்ச் லைட், அதற்கு மாற்று பேட்டரி எல்லாம் இருந்தன. பகல் பயணத்துக்கு டார்ச் எதற்கு என்று கூட வந்தவர்கள் கேட்கவில்லை. நல்ல மனிதர்கள்.

கூட வந்தவர்கள் இருவர். ஹினே, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரி இனத்துப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். சிரித்தால் இரண்டு தோளும் சேர்ந்து குலுங்கும். பறிபோன நிலத்தைத் திருப்பிக் கேட்டுத் தன் சனங்களோடு பல நாள் நடந்தவர். நீல்ஸ், நார்வே நாட்டின் வடகோடியில் மான் மேய்க்கும் சாமி இனத்து வாலிபர். தங்கள் ஆற்றில் அரசாங்கம் அணை கட்ட வந்தபோது பனியில் உட்கார்ந்து வழி மறித்தவர்களில் ஒருவர். பெங்களூரில், சொந்த நிலத்துக்காகப் போராடும் பல நாட்டுச் சனங்கள் கூடிப் பேசினார்கள். கூட்டம் முடிந்ததும் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, நம் பக்கத்துப் போராட்டங்களைப் பார்த்து ஆதரவு சொல்லக் கிளம்பினார்கள். இவர்கள் இருவருக்கும் வாய்த்தது போதமலை அடிவாரத்துக் கரட்டுவளவு.

துணைக்கு இங்கிலீஷ் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும் என்றதும் எங்கள் பங்குச் சாமியார் என்னைக் கை காட்டிவிட்டார். நான் ஏழாவதோடு நின்றவள். அப்பா இறந்தபின் கான்வென்ட் தையல் அறைக்குப் போனேன். அங்கிருந்த அயர்லாந்து சிஸ்டரோடு ஒன்பது வருஷம் பேசிப் பேசி வந்த இங்கிலீஷ் என்னுடையது. பித்தான், கைமடிப்பு, சூப்பு, பாவம் இவற்றைப் பற்றியெல்லாம் தாராளமாகப் பேசுவேன். நிலம், வழக்கு, குத்தகை என்று அந்தச் சிஸ்டர் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. இரண்டு இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

கரட்டுவளவில் இருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் அல்ல, நம் மலைகளிலேயே காலங்காலமாக வாழ்வதால் வந்த பெயர் அது. அவர்கள் சாமையும் கடலையும் விதைக்கிற காட்டுக்கு அடியில் மேக்னசைட் என்கிற வெள்ளைக்கல் இருப்பதாக ஒரு கம்பெனிக்குச் சந்தேகம். நிலம் புறம்போக்கு என்கிறது கம்பெனி, எங்கள் நிலம் என்று ஊர் வழக்குப் போட்டிருக்கிறது. வழக்கு முடிவதற்குள் துளை போட்டுக் கல்லின் மாதிரியை எடுத்துக் காட்டிவிட்டால் சுரங்கக் குத்தகை கைக்கு வந்துவிடுமாம். துளைக்கான இடம் ராமாயி என்கிற பெண்ணின் காட்டு நடுவில் குறிக்கப்பட்டிருந்தது. துளை விழுந்தால் காடு போயிற்று. சாமியார் எனக்குச் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்.

ஏழேகால் பஸ் ஏழரைக்குக் கிளம்பியது. டிக்கெட் ஆளுக்கு இரண்டு ரூபாய். சேலத்துக்குத் தெற்கே ஏழெட்டு மைல் போயிருப்போம், மல்லூர் தாண்டுமுன் பஸ் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, எல்லோரும் டீ குடிக்கலாம் என்றார். டீ நாற்பது காசு. நீல்ஸ் மூன்று டீ குடித்தார். எனக்கு ஒரு டீ கூட இறங்கவில்லை.

அப்போதுதான் அந்த ரிக் வண்டி வந்தது. ஆழ்துளைக் கிணறு போடும் மிஷினை முதுகில் படுக்கவைத்துக்கொண்டு, திருச்செங்கோட்டுப் பெயர்ப் பலகையோடு, பின்னாலேயே கம்ப்ரசர் லாரி ஒன்று தொடர. டிரைவர் டீக்கு இறங்கினார். பெயர் பழனிச்சாமி. நெற்றியில் திருநீறு, தோளில் சிவப்புத் துண்டு.

"ஏனுங்க அக்கா, இவிய எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

நியூசிலாந்து, நார்வே என்றேன்.

"அது கெடக்கட்டுமுங்க. இப்ப எந்த ஊருக்குப் போறாங்க?"

கரட்டுவளவு என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நாங்களும் அங்கதானுங்க போறம்! ஏறச் சொல்லுங்க!"

கடவுளே அனுப்பிய வண்டி என்று நினைத்தேன். ஏறும்போது ஹினேயின் கால் வழுக்குமோ, மேலே கம்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்த நீல்ஸின் தலையில் மரக்கிளை அடிக்குமோ, டிரைவர் ராத்திரி தூங்கினாரோ இல்லையோ என்று நான் கவலைப்படாத விஷயம் கிடையாது. இந்த வண்டி அந்த ஊருக்கு எதற்குப் போகிறது என்ற ஒன்றைத் தவிர.

அந்தப் பயணத்தை நான் மறக்கமாட்டேன். லாரி கேபினில் நான் அதற்குமுன் உட்கார்ந்ததில்லை. உலகமே கொஞ்சம் கீழே தெரிகிறது. இருபுறமும் மரவள்ளிக் காடுகள். ஜவ்வரிசி ஆலைகளின் களத்தில் மாவு காய்வதைப் பார்த்து, மேலேயிருந்து நீல்ஸ் "பனி! பனி!" என்று கத்தினார். ஆண்டகளூர் கேட்டில் திரும்பி ராசிபுரத்துக்குள் நுழைந்ததும் எங்கிருந்தோ வெண்ணெய் காய்ச்சும் வாசனை வந்தது. ஹினே கண்ணை மூடி அதை இழுத்தார். பழனிச்சாமி வண்டியை நிறுத்தாமலே, "சாமி இனம்னு சொன்னீங்களே மேல இருக்கறவர, நாங்க சின்னப் புள்ளையக்கூட சாமின்னுதானுங்க கூப்பிடுவம். அவரு நம்ம ஆளுங்க!" என்றார். இதை மட்டும் என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.

ராசிபுரத்திலிருந்து ஆறேழு மைலில் தார் ரோடு முடிந்து வண்டித்தடம் தொடங்கியது. போதமலை நேர் எதிரே நின்றது. பத்தரை மணிக்குக் கரட்டுவளவின் முதல் வேலி தெரிந்தது. வேலிக்கு முன்னால் தடத்தை அடைத்துக்கொண்டு ஊர்ப் பெண்கள் நின்றார்கள். எல்லோர் கையிலும் விளக்குமாறு.

"எறங்கு! ரிக்க ஓட்டிக்கிட்டு வாரயா? எறங்குடா கீழ!"

பழனிச்சாமி பிரேக்கை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என்னங்க அக்கா, தண்ணிக்குப் போர் போட வந்தா கும்பிடுவாங்க. இங்க வெளக்கமாத்தக் காட்டறாங்க?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊருக்குத் துணையாக வந்தவர்களை, ஊர் எதை மறிக்கக் காத்திருந்ததோ அதன் மேலேயே ஏற்றிக் கூட்டிவந்திருக்கிறேன். பழனிச்சாமிக்கும் விஷயம் தெரியாது. இந்த இடத்தில் போர் என்று ஆபீஸில் சொன்னார்கள், தண்ணீருக்கென்று நினைத்துக் கிளம்பிவிட்டார்.

நான் கைகூப்பிக்கொண்டு இறங்கி ஏதேதோ சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. ஹினே எனக்குப் பின்னால் நிதானமாக இறங்கி, வேலிக்குப் பத்தடி தள்ளி அசையாமல் நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"ஓடிவிடலாமா?" என்று கேட்டேன்.

"எதற்கு? எல்லாம் முறைப்படிதானே நடக்கிறது. எங்கள் ஊரிலும் வருகிறவர்களை முதலில் மிரட்டித்தான் பார்ப்பார்கள். அப்புறம் அந்த ஊர்ப் பெண்கள் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் அடுத்தவர் மண்ணில் கால் வைக்கக் கூடாது" என்றார்.

விளக்குமாற்றை வரவேற்பாக எடுத்துக்கொண்ட ஒரே விருந்தாளி அவராகத்தான் இருப்பார்.

ஓடாமல், பேசாமல், தலை குனியாமல் நிற்கிற அந்தப் பெரிய பெண்மணியைப் பார்த்துக் கூச்சல் மெல்ல அடங்கியது. முன்னால் நின்ற கறுத்த மெலிந்த பெண் விளக்குமாற்றை இறக்கினாள். அவள்தான் ராமாயி.

"யாரு நீயி? எந்த மலைக்காரி?"

நான் மொழிபெயர்த்ததும் ஹினேயின் கண்கள் நிறைந்துவிட்டன. அவர்கள் வழக்கத்தில் ஒருவர் தன்னைச் சொல்லிக்கொள்ளும்போது முதலில் மலையைத்தான் சொல்வார்களாம். நிமிர்ந்து நின்று, தன் பாஷையில், நீண்ட குரலெடுத்துத் தன் மலையின் பெயரைச் சொன்னார், ஆற்றின் பெயரைச் சொன்னார், சனங்களின் பெயரைச் சொன்னார், கடைசியில்தான் தன் பெயர். எதிரே மலையில் குரல் பட்டுத் திரும்பி வந்தது.

ராமாயி கொஞ்சம் யோசித்தாள். "எம்பட மலை இந்தா நிக்குது, போதமலை. ஆறு இல்ல. ஓடைதான். மழ பேஞ்சா ஓடும்" என்றாள். பிறகு வேலிப் படலைத் திறந்து, "வா சாமி, வெயில்ல நிக்காத" என்றாள்.

அதற்குள் ஒரு ஜீப் வந்து நின்றது. கம்பெனி சூப்பர்வைசர் இறங்கினார். கையில் பூஜைச் சாமான் பை. ரிக் வண்டி வந்திருப்பது கண்டு மகிழ்ந்தவர், அதிலிருந்து இறங்கியவர்களைக் கண்டு திகைத்தார். ராமாயியின் காட்டு நடுவில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. நீல்ஸ் நேராக அங்கே போனார். பையிலிருந்து தன் இனத்தார் அணியும், சிவப்பு, மஞ்சள் பட்டைகள் வைத்த நீலக் கம்பளி அங்கியை எடுத்து அந்த ஆடி வெயிலில் மாட்டிக்கொண்டு, குறிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை இதுதான்" என்றார். ஹினே அவருக்குப் பக்கத்தில். ராமாயி அவர்களுக்கு நடுவில்.

"நீங்க யாரும்மா?" என்று சூப்பர்வைசர் என்னைக் கேட்டார்.

"டைலருங்க" என்றேன்.

"இவங்க விசாவைக் கேன்சல் பண்ண வைப்பேன், போலீஸ் வரும்னு சொல்லுங்க."

அப்படியே மொழிபெயர்த்தேன். ஹினே தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் தமிழில் சொன்னேன்: "என் சொந்த ஆற்றங்கரையிலேயே என்னைக் கைது செய்திருக்கிறார்கள். இங்கே செய்தால் ஒரு புது ஊரைப் பார்த்த மாதிரி இருக்கும்."

சூப்பர்வைசர் பழனிச்சாமி பக்கம் திரும்பினார். "பேச்சு எதுக்கு? அந்தப் பக்கம் நாலடி தள்ளி மிஷினை நிறுத்துப்பா."

பழனிச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். "நிறுத்தறனுங்க. பூஜை யாருங்க போடறது?"

"நான்தான் தேங்காய் கொண்டாந்திருக்கேனே."

"மண்ணுக்குச் சொந்தக்காரங்க கையால ஒடைக்கோணுமுங்க. இல்லாம நாங்க தொளைக்கற பிட்டை எறக்கறதில்ல. ஒருக்கா அப்படி எறக்கித்தான் எரநூறு அடியில ராடு மாட்டிக்கிச்சு. இன்னிக்கும் அங்கயேதான் கெடக்குது. மொதலாளியே வந்து நின்னாலும் இதுதானுங்க பேச்சு. மண்ணு உங்களுதுங்களா?"

"இது புறம்போக்குய்யா. யாருக்கும் சொந்தம் இல்லை."

"அப்ப யாரும் ஒடைக்க முடியாதுங்களே?"

கம்ப்ரசர் லாரி ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். திருச்செங்கோட்டு ரிக் ஆட்களின் இந்த வழக்கத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதுகூட இல்லை.

சூப்பர்வைசர் பையிலிருந்து தேங்காயை எடுத்து ராமாயியிடம் நீட்டினார். குரலை இறக்கி, "நீயே உடைம்மா. உன் பையனுக்குக் கம்பெனியில வேலை போட்டுத் தர்றேன். நிரந்தர வேலை" என்றார்.

ராமாயி எழுந்து தேங்காயை வாங்கிக்கொண்டாள். அவளுடைய பையன் வேலி ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவன் வேலை தேடி நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் அலைவது ஊருக்கே தெரியுமாம். அவள் அவனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"நல்ல காயி" என்றாள். "ஊட்டுக்குக் கொண்டுபோயிச் சட்டினி அரைக்கறேன். எல்லாரும் சாப்பிட வாங்க."

இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே போய்விட்டாள்.

அந்தக் காட்டில் எழுந்த சிரிப்பைச் சேலம் வரை கேட்டிருக்கலாம். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் ஹினேயும் சிரிக்கத் தொடங்கியிருந்தார். சூப்பர்வைசர் ஜீப்பில் ஏறும்போது, கோயம்புத்தூரிலிருந்து வேறு வண்டி கொண்டுவருவேன் என்றார். "கொண்டாங்க. அவிய எலுமிச்சம்பழமும் சேத்துக் கேப்பாங்க" என்றார் பழனிச்சாமி.

ஆனால் ரிக் வண்டியைத் திருப்ப அங்கே இடமில்லை. வந்த வழியே ரிவர்ஸிலேயே போக வேண்டும். சற்று முன் மறித்த அதே பெண்கள், அதே விளக்குமாறுகளை ஆட்டி வழி சொன்னார்கள். "வா, வா! அந்தப் பக்கம் ஒடி! கடலைச் செடிய மிதிக்காத, கண்ணு தெரியலயா!" பழனிச்சாமி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, "மாமியார் ஊட்டுலகூட இத்தனை அதிகாரம் இல்லீங்க!" என்று கத்திக்கொண்டே போனார்.

மத்தியானம் ராமாயி வீட்டு வாசலில் களியும் அந்தத் தேங்காய்ச் சட்டினியும். நீல்ஸ் தன் ஊரில் மான் மேய்ப்பதைச் சொன்னதும் ஊரே அதிர்ந்துவிட்டது.

"மானையா? இங்க மானைத் தொட்டா ஃபாரஸ்ட்காரன் புடிச்சுக் கட்டி வெச்சுருவான்!"

"எத்தன மானு?"

அதை மட்டும் கேட்கக் கூடாதாம். ஒருவரிடம் எத்தனை மான் இருக்கிறது என்று கேட்பது, அவர் பெட்டியில் எத்தனை பணம் இருக்கிறது என்று கேட்பதைப் போல என்றார் நீல்ஸ். கேட்டவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இங்கயும் ஆட்டுக்கு அப்படித்தான் சாமி" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். ராசிபுரம் பஸ் பிடிக்க நாலு மைல் நடை. பாதி ஊர் கூட வந்தது. சேலத்தில் நான் குடியிருக்கும் தெருவில், வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் வாடகைக்காரர்கள் நாங்கள் மறு வார்த்தை பேசாமல் சாமானைக் கட்டுவோம். பக்கத்து வீட்டுக்காரி சாமான் கட்டும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அடுத்தது நாம்தானோ என்று பயந்திருக்கிறேன். வெளியே போய் அவள் பக்கத்தில் நிற்கலாம் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை. உலகத்தின் இரண்டு மூலைகளிலிருந்து இருவர் வந்து அடுத்தவர் காட்டில் உட்கார்ந்ததைப் பார்த்தபிறகுதான், இப்படியும் செய்யலாம் போலிருக்கிறதே என்று பட்டது.

தார் ரோட்டில் பஸ் வரும் தூசி தெரிந்தது. மனசு கேட்கவில்லை. ராமாயியைத் தனியே இழுத்து, "அவரு நெசமாவே கோயம்புத்தூர் வண்டியைக் கொண்டுவந்துட்டா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"வரட்டும்" என்றாள். "தேங்கா நாலஞ்சு சேந்தா எண்ணெய் ஆட்டிக்கலாம்."