கீரி நிறத்துப் பியூரே

கடைக்காரர் மூன்று பியூரேக்களைக் காட்டினார்; கீரிபோல நீண்ட உடம்புள்ள வளர்ப்புப் பிராணிகள். ஒன்று பால் வெள்ளை, கண் மட்டும் சிவப்பு. மற்றது மணல் நிறம். மூன்றாவது கபிலம்; முகமூடி கட்டியதுபோலக் கண்களைச் சுற்றிக் கறுப்பு. நான் வெள்ளையைக் கேட்டேன். அம்மா கபிலத்தைக் காட்டி, "இதுதான் கீரி" என்றார். அது கீரியே இல்லை என்று நான் பிரெஞ்சில் வாதாடியது எடுபடவில்லை.

பாரிசின் லா ஷப்பலில் எங்கள் சின்ன வீட்டில் ஒரு மீன்தொட்டிக்குக்கூடச் சம்மதிக்காத அம்மா, நாற்றமடிக்கும் இந்தப் பிராணியை வாங்கியது மாமாவுக்காக. அம்மாவின் தம்பியான அவர் வன்னியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். அவருடைய அகதி வழக்கின் கடைசி விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. மறுத்தால் நாட்டைவிட்டுப் போகச் சொல்வார்கள். அதற்குப் பிறகும் எங்கள் விலாசத்தில் இருந்தால் அவரைப் பிடிக்கப் பொலிஸ் வரும். வெளிக்கிடும்போது கீரி குறுக்கே போனால் போகிற காரியம் சரிவரும் என்பது அம்மாவின் நம்பிக்கை. பாரிசில் கீரிக்கு அவர் எங்கே போவார்?

விசாரணை குளிர்காலத்துக்குத் தள்ளிப்போனது. பியூரே அதற்காகக் காத்திருக்கவில்லை. குளிருக்கு அதன் மயிர் அடர்ந்து வெளுத்தது. முகமூடி சுருங்கிக் கண்ணோரம் மட்டும் மிஞ்சியது. அம்மா பயந்துபோனார். விசாரணை நாள் காலை அதை மடியில் அமுக்கிப் பிடித்து, தன் கண்மையால் முகமூடி வரைந்தார். மாமா அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். இறக்கி விட்டதும் அது குறுக்கே போகாமல், அவர் போடவிருந்த சப்பாத்துக்குள் புகுந்துகொண்டது. இழுத்தெடுத்தபோது அவருடைய சட்டைக்கையில் மை பிரண்டது.

"பரவாயில்லை அக்கா, அதுக்கும் குளிர்தானே" என்றார் மாமா. அந்தக் கறையோடுதான் போனார்.

வழக்கை மறுத்துவிட்டார்கள். பொய் நிறம் காட்டியதால்தான் என்று நான் உறுதியாக நம்பினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

வசந்தத்தில் பியூரே மயிர் உதிர்த்தது. கபிலம் திரும்பியது, முகமூடியும் தானாக வந்து சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா பையோடு வாசலில் நின்றார். எங்கே போகிறார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. திரும்பவும் விசாரணை என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, பியூரேயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"மாமா, நில்லுங்கோ. நிறம் வந்திட்டுது. இந்தமுறை விசா தருவினம்."

மாமா பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். நான் இறக்கிவிட்டதும் பியூரே முதுகை வளைத்து வளைத்து, வாசலுக்குக் குறுக்கே ஒழுங்காகப் போய்முடித்தது.

"ஓம் பிள்ளை, வடிவாய்ப் போகுது" என்றார். என் தலையைத் தடவிவிட்டுப் படியிறங்கினார்.

அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சந்தோசத்தில்தான் அழுகிறார் என்று நினைத்து, பியூரேக்கு ஒரு முட்டை உடைத்துக் கொடுத்தேன்.