மாப்பிள்ளை அறையில் இருந்த பெட்டி

நபீஸாவால் தட்ட முடியாத கதவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவர் கட்டிய வீட்டுக்குள்ளேயே இருந்தது.

காத்தான்குடியில் மகளைக் கட்டிக்கொடுத்தால் வீடும் மகளோடு போகும். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். வீட்டின் நல்ல அறை அவருக்கு. மாமியார் அந்தப் பக்கம் போவதில்லை. பேச வேண்டியதைத் திரைச்சீலைக்கு இப்பால் நின்று பேசுவார். நபீஸா தையல் மெஷின் மிதித்துக் கட்டிய வீடு மூத்தவள் முப்லிஹாவின் பெயருக்குப் போனது. மருமகன் றம்ஸீன் வந்தார். நபீஸாவுக்கு மிஞ்சியது தெருவைப் பார்த்த கடை: அபாயா, கட்டில் விரிப்பு, சின்னப் பிள்ளைகளின் சட்டை. கணவர் உசனார் மௌத்தாகி மண்ணுக்குள் போன பின் அதுதான் அவருக்குச் சோறு, அதுதான் அவருக்குப் பேச்சு.

இன்டர்நெட் எடுத்தபோது ரவுட்டரை எங்கே வைப்பது என்று லைன் பூட்ட வந்தவர்கள் கேட்டார்கள். ஒருவரும் யோசிக்கவில்லை. நல்லது எதுவோ அது மாப்பிள்ளை அறைக்குப் போகும். கட்டில் போனது, அலுமாரி போனது, ஏசி போனது. ரவுட்டரும் போனது.

கடை அந்தப் பெட்டியை நம்பித்தான் ஓடியது. போனை ஒரு தடியில் கட்டி, முகம் காட்டாமல் கைகளை மட்டும் காட்டி, நபீஸா லைவில் துணி விற்பார். தேற்றாத்தீவிலிருந்து நிலானி டீச்சர் விரிப்புக் கேட்பார். ஏறாவூர்க் கல்யாண வீட்டார் மொத்தமாகக் கேட்பார்கள். "கரையப் பாருங்க, நூல் பிரியுதா? இழுத்துக் காட்டவா?" இழுத்துக் காட்டுவார். அந்தக் கைகளை நம்பி வாங்கியவர்கள் நிறையப் பேர்.

நோன்பின் கடைசிப் பத்து. பெருநாள் வியாபாரம். மதிய ளுஹர் தொழுகைக்கு முன்னர் லைவ் சூடு பிடித்திருந்தபோது படம் உறைந்தது. இழுத்த துணி இழுத்தபடி நின்றது. பெட்டியை அணைத்துப் போட்டால் சரிவரும் என்பது நபீஸாவுக்குத் தெரியும். ஆனால் பெட்டி இருக்கும் அறையில் மருமகன் தூங்குகிறார். முப்லிஹாவோ மாவட்டக் கச்சேரியில் அரசாங்க வேலைக்குப் போயிருந்தாள்.

கதவின் முன் நின்றார். கையைத் தூக்கினார். இறக்கினார். கடைக்குத் திரும்பியபோது ஏறாவூர்க்காரர்கள் வேறு கடைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அன்று பின்னேரமே, கொழும்பில் நெட்வேர்க் வேலை செய்யும் இளைய மகள் நிஸ்றாவை அழைத்தார்.

"சுவர் தடிப்பு உம்மா. நடுவுல இன்னொரு பெட்டி வெச்சா கடைக்கி சிக்னல் நல்லா வரும்."

"அது எதுல இரிந்து எடுக்கும்?"

"மச்சான்ட அறைப் பெட்டியிலதான்."

"அது செத்தா?"

"இதுவும் சாகும்."

"அப்ப நான் ரெண்டு மையித்துக்குக் காவல் இரிக்கவா மகள்?"

நிஸ்றா சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. சுவரின் தடிப்பைக் கேட்டவள், பெட்டி யாருடைய கைக்கு எட்டுகிறது என்று கேட்டிருக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னாள்: வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, இரண்டு இணைப்பு. கடையின் பில் கம்பியூட்டரும் கார்ட் மெஷினும் வயரில். லைவ் போன் மட்டும் வைஃபையில், வேறு எவரும் அதில் ஏறக் கூடாது. வந்துபோகிறவர்களுக்கு வேறு பெயரில் ஒரு வைஃபை. அதிலிருந்து கடைக் கம்பியூட்டரைத் தொட முடியாது.

"ஊட்டுல லைன் விழுந்தா கொட்டாவி விட்டுட்டு இரிக்கலாம் உம்மா. கடையில விழுந்தா ஆள் போயிரும்."

றம்ஸீனுக்குப் பிடிக்கவில்லை. திரைச்சீலைக்கு அப்பாலிருந்து மெதுவாகத்தான் சொன்னார்.

"ஒரே ஊட்டுக்கு ரெண்டு லைனா மாமி? மாமியாரும் மருமகனும் பிரிஞ்சிட்டாங்கண்டு தெருவே பேசும். இந்தப் பெட்டியப் பெரிசா மாத்திருவம்."

"பெரிய பெட்டி எங்க இரிக்கும் மகன்?"

நபீஸா கடைக்குப் போகத் திரும்பினார்.

"பேசுறாக்கள் பேசட்டும். அவங்களுக்கும் நோன்பு நேரம் போகணுமே."

பேசினார்கள். பக்கத்து வீட்டு ராத்தா கதை கேட்கவென்றே வந்தார்.

"என்ன நபீஸா, மருமகனோட கோவமாம்?"

"கோவமில்ல ராத்தா. கேபிள்."

புது லைன் பூட்ட வந்தவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். "ஆம்பிள ஆக்கள் ஆரும் இல்லியா உம்மா? எங்க வைக்கிறெண்டு கேக்கணும்."

"இந்தக் கடைக்கி ஆம்பிளயும் நான்தான். மேசைக்குக் கீழ வையுங்க."

"கீழ வெச்சா சிக்னல் குறையும்."

"அப்ப மேல வையுங்க. என்ட கை எட்டணும்."

கதிரையில் இருந்தபடி கையை நீட்டி அளந்து காட்டினார். அந்த உயரத்தில் ஆணி அடிக்கப்பட்டது.

பெருநாளுக்கு முதல் நாள் வீட்டு லைன் விழுந்தது. றம்ஸீன் கடை வாசலில் வந்து நின்றார். கட்டாரில் இருக்கும் தம்பியோடு பேச வேண்டும்.

"மாமி, பாஸ்வேர்ட் ஒண்டு..."

நபீஸா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். லைவ் ஓடும் வைஃபையின் பாஸ்வேர்டைக் கொடுக்கவில்லை. மற்றதைச் சொன்னார்.

"இது வாற ஆக்களுக்குரிய மகன். நல்லா வேல செய்யும்."

றம்ஸீனுக்கு விளங்கியது. சிரிப்பும் வந்தது. "நான் எப்பவும் விருந்தாளிதானே மாமி."

"அதனாலதானே நல்ல அறைய ஒங்களுக்குத் தந்திரிக்கன்."

அடுத்த நோன்புக்கு நபீஸா இல்லை. நெஞ்சு வலி. கடையில், கதிரையில் இருந்தபடி. மருத்துவம் அதற்கு ஒரு பெயர் சொல்கிறது. பெயரால் ஒன்றும் ஆகவில்லை.

நபீஸாவுக்காகக் கத்தம் ஓதி முடிந்த கையோடு றம்ஸீன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இனி ஒரு லைன் போதும்தானே நிஸ்றா?"

"போதாது மச்சான்."

"கட பூட்டிக் கிடக்குதே."

"நாளைக்கித் திறக்கும்."

திறந்தது. கொழும்புக்குத் திரும்பாத நிஸ்றா அதே தடியில் போனைக் கட்டினாள். அதே கதிரையில் இருந்து கையை நீட்டிப் பார்த்தாள். பெட்டி எட்டியது. லைவில் நிலானி டீச்சர் எழுதிக் கேட்டார்.

"இது உம்மாட கை இல்லையே?"

நிஸ்றா விரிப்பின் கரையைப் பிடித்தாள்.

"இல்ல டீச்சர். மகள்ட கை. கரையப் பாருங்க. இழுத்துக் காட்டவா?"